ஓடுகிறவர்களை யார் துரத்துகிறார்கள்?

பென்னாகரத்துத் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது: "தர்மபுரிப் பையன், கிருஷ்ணகிரிப் பெண். ரெண்டு பேரும் ஒரு அடகுக் கடையில் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்துவிட்டு ஓடுகிறார்கள். அமெரிக்கப் படங்களில் வருகிற மாதிரி வழி முழுக்கக் குற்றம், வழி முழுக்கக் காதல். இடைவேளை வரை எழுதிவிட்டேன். இரண்டாம் பாதி நகரவே மாட்டேன் என்கிறது. ஓசூரைத் தாண்டிவிட்டால் தமிழ்நாட்டு போலீஸ் ஒன்றும் செய்ய முடியாதுதானே? அதையே க்ளைமாக்ஸாக வைக்கலாமா?"

நான் கிருஷ்ணகிரி கோர்ட்டில் இருபது வருடமாக வக்கீலாக இருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி மொட்டை மாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டு, தெருப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற பழக்கமும் உண்டு. காதலித்து வீட்டை விட்டு வந்தவர்களை என் ஆபீஸ் பெஞ்சில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பதிலில் சினிமாவும் சட்டமும் கலந்துதான் வரும்.

முதலில் அந்த எல்லை. ஜூஜூவாடி சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்து அத்திப்பள்ளி. டவுன் பஸ்ஸில் போய் வருகிற தூரம். அந்தக் கோட்டைத் தாண்டினால் கேஸ் கரைந்துபோகாது. நம் போலீஸ் வேறு மாநிலத்துக்குப் போயும் கைது செய்யலாம். உள்ளூர் ஸ்டேஷனில் தகவல் சொல்லி, பக்கத்து மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, மாநிலம் விட்டு மாநிலம் கூட்டிவர டிரான்சிட் உத்தரவு வாங்கி வண்டியில் ஏற்றி வந்துவிடுவார்கள். எல்லையால் அவர்களுக்கு ஒரு நாள் தாமதம் ஆகும், அவ்வளவுதான். அதைக் க்ளைமாக்ஸாக வைத்தால் ஓசூர்க்காரர்கள் தியேட்டரிலேயே எழுந்துவிடுவார்கள். அந்த ஒரு நாளைப் படத்தின் நடுவில் வையுங்கள். தப்பித்துவிட்டோம் என்று நம்பி அவர்கள் முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிடுகிற நாளாக அது இருக்கட்டும்.

எல்லை தாண்டினால் விடுதலை என்ற நினைப்பு அமெரிக்கக் கதைகளிலிருந்து வந்தது. இந்த வகைப் படங்களுக்கெல்லாம் தாய் வேராக இருக்கும் கொள்ளைக்கார ஜோடி பானி பார்க்கர், க்ளைட் பாரோ இருவரும் 1930 ஜனவரியில் டெக்சாஸின் டாலஸ் பக்கம் சந்தித்தார்கள். அவளுக்கு 19 வயது, அவனுக்கு 20. அந்தக் காலத்தில் ஒரு மாநிலத்துப் போலீஸ் அடுத்த மாநிலத்துக்குள் துரத்திப் போவது பெரும்பாடு. ஆகவே அவர்கள் எல்லையோரமாகவே காரை ஓட்டித் திரிந்தார்கள். இத்தனை கொலை, கொள்ளை இருக்க, மத்தியப் புலனாய்வுத் துறை அவர்களைத் தேட ஆரம்பித்தது எதற்காகத் தெரியுமா? திருட்டுக் காரை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோனதற்கு. அதற்கென்று 1919-இலேயே ஒரு மத்தியச் சட்டம் இருந்தது. வண்டி தாண்டிய எல்லைதான் வழக்கையும் கொண்டுவந்தது.

அவர்களுடைய நிஜ வாழ்க்கையை நீங்கள் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். அவர்கள் பேங்கைக் கொள்ளையடித்தது குறைவு. பெரும்பாலும் பெட்ரோல் பங்க், சின்ன மளிகைக் கடை என்று கையில் கிடைத்த சில்லறைதான். காரிலேயே தூங்கினார்கள், ஓடையில் குளித்தார்கள். 1933 ஜூனில் கார் கவிழ்ந்து பேட்டரி ஆசிட் கொட்டி பானியின் கால் வெந்துபோனது. அதற்குப் பிறகு அவளால் சரியாக நடக்கவே முடியவில்லை. பல நேரம் க்ளைட் தூக்கிக்கொண்டுதான் போனான். அதே வருடம் ஏப்ரலில் மிசௌரி மாநிலத்தின் ஜாப்லின் ஊரில் தங்கியிருந்த வீட்டை விட்டுத் தப்பி ஓடியபோது கழுவாத பிலிம் சுருள்களை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். போலீஸ் கழுவிப் பார்த்தால், விளையாட்டாகத் துப்பாக்கியும் சுருட்டுமாக நின்று எடுத்துக்கொண்ட படங்கள். பத்திரிகைகள் அவற்றை அச்சடித்தன, நாடே அவர்களைப் பார்த்தது. இன்றைக்கு ஓடுகிற ஜோடி போனில் எடுக்கும் செல்ஃபியும் அதே வேலையைத்தான் செய்யும். உங்கள் இரண்டாம் பாதிக்கு அதிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது.

1967-இல் ஆர்தர் பென் இயக்கிய 'பானி அண்ட் க்ளைட்' இந்த நொண்டலையும் அழுக்கையும் பெரும்பாலும் விட்டுவிட்டு அழகை வைத்துக்கொண்டது. கடைசியில் இருவரும் சுடப்படும் காட்சியைப் பல கேமராக்களில் வெவ்வேறு வேகத்தில் எடுத்து ஒட்டியது பேர் வாங்கியது. என்னைக் கேட்டால் இந்த வகையில் உங்களுக்குப் பாடமாக வேண்டியது அதைவிடச் சின்னப் படம்: 1950-இல் ஜோசப் எச். லூயிஸ் எடுத்த 'கன் கிரேஸி'. காசில்லாத படம். அதில் பேங்க் கொள்ளையை மூன்று நிமிடத்துக்கும் மேல் ஒரே ஷாட்டில், காரின் பின் சீட்டில் கேமராவை வைத்து எடுத்திருக்கிறார். பேங்குக்குள் கேமரா போகவே இல்லை. ஊருக்குள் வருகிறார்கள், வண்டி நிறுத்த இடம் தேடுகிறார்கள், அவன் உள்ளே போகிறான், அவள் வாசலில் நிற்கும் போலீஸ்காரரிடம் பேச்சுக் கொடுக்கிறாள். கொள்ளை என்ன ஆயிற்று என்பது நமக்குத் தெரியாது. அவர்கள் இருவருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியும். தர்மபுரி நாலு ரோட்டில் ஒரு பழைய அம்பாசடரின் பின் சீட்டில் கேமராவோடு உட்கார்ந்தால் உங்களாலும் இதை எடுக்க முடியும். செட்டும் வேண்டாம், பறக்கிற வண்டிகளும் வேண்டாம்.

இப்போது உங்கள் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். அது ஏன் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உங்கள் ஜோடியைப் போலீஸ் மட்டும்தான் துரத்துகிறது. போலீஸுக்கு அவர்கள் ஒரு எப்.ஐ.ஆர். நம்பர். முகம் தெரியாதவன் துரத்தினால் ஓடுவதைத் தவிரக் கதாபாத்திரத்துக்கு வேறு வேலை இருக்காது. அரை மணி நேரத்தில் அந்த ஓட்டம் சலித்துவிடும். அமெரிக்கக் கதையில் இருவரும் குற்றம் செய்ததால் ஊர் துரத்துகிறது. நம் பக்கத்தில் காதலித்தாலே ஊர் துரத்த ஆரம்பித்துவிடுகிறது. குற்றம் அதற்குப் பிறகு வந்து சேர்கிறது.

அது எப்படி வந்து சேர்கிறது என்பதை என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்லி விளக்குகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்ணும் பையனும் மஞ்சள் பையோடு என் ஆபீஸுக்கு வந்தார்கள். இருவரும் மேஜர். கோயிலில் தாலி கட்டியாயிற்று. முதல் நாள் வீட்டார் கொடுத்த புகார் "பெண் காணவில்லை". பெண் தானாகத்தான் போனாள் என்று தெரிந்ததும், மறுநாள் இன்னொரு ஸ்டேஷனில் புகார் மாறியது: "வீட்டிலிருந்த நகைகளைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டாள்." வயசு வந்தவள் இஷ்டப்பட்டுப் போனால் போலீஸுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. திருட்டு என்றால் தேட வேண்டும், பிடிக்க வேண்டும். ஒரே ராத்திரியில் அந்தப் பெண் குற்றவாளி ஆகிவிட்டாள். உடம்பில் போட்டிருந்த தோடும் செயினும் திருட்டுப் பொருள் ஆயின. நான் அவளைப் பையைப் பிரிக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, எடையோடு பட்டியல் எழுதி, ஸ்டேஷனில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினேன். எல்லாவற்றையும் கழற்றினாள். கொலுசை மட்டும் கழற்ற மாட்டேன் என்றாள். "இது நான் ஓசூர் கம்பெனியில் வேலை செஞ்சு முதல் சம்பளத்துல வாங்கினதுங்க மேடம்" என்றாள். அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

தம்பி, உங்கள் படத்தின் முதல் குற்றம் இங்கே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். துப்பாக்கியோடு அடகுக் கடைக்குள் நுழைவது எங்கிருந்தோ வந்த காட்சி. நகையைத் திருடிவிட்டாள் என்று எழுதப்பட்ட பொய்ப் புகார் இந்த மண்ணில் விளைந்தது. கையில் காசு தீர்ந்து, தன் சொந்தச் செயினை அடகு வைக்க அவள் ஒரு கடைக்குப் போகிறாள். திருட்டு நகை என்று ஏற்கெனவே தகவல் வந்திருப்பதால் கடைக்காரர் போனை எடுக்கிறார். பையன் பாய்ந்து அதைப் பிடுங்குகிறான். கைகலப்பு. பொய்யான குற்றம் அந்த நிமிடத்தில் நிஜமாகிவிடுகிறது. துப்பாக்கியே தேவைப்படவில்லை பாருங்கள். எழுதும்போது ஒரு சின்னத் திருத்தம்: உங்கள் இன்ஸ்பெக்டர் வாயில் "கூட்டுக்கொள்ளை கேஸ்" என்று வசனம் வைக்காதீர்கள். சட்டத்தில் ஐந்து பேராவது சேர்ந்து செய்தால்தான் அது கூட்டுக்கொள்ளை. இரண்டு பேர் என்றைக்கும் அதைச் செய்ய முடியாது.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும், படத்தின் முதல் பத்து நிமிடத்திலேயே அது தெரிய வேண்டும். 17 என்றால் சட்டத்தின் கண்ணில் அது ஆள் கடத்தலும் போக்சோ வழக்கும்தான். குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியாத மாவட்டங்கள் நம்முடையவை. அந்தக் கோட்டை மங்கலாக வைத்து ஒரு காதல் படம் வெளிவருவது எனக்குப் பொறுக்காது.

சரி, போலீஸ் இல்லையென்றால் யார் துரத்துவது? இதற்கு நம்மிடம் ஈராயிரம் வருடத்துப் பழைய விடை இருக்கிறது. சங்கப் பாடல்களில் இதற்குப் பேரே உண்டு: உடன்போக்கு. பெற்றோர் சம்மதிக்காதபோது தலைவி தலைவனோடு பாலை வழியே போய்விடுவாள். அவர்களைத் தேடிக்கொண்டு பின்னால் போவது படையோ காவலரோ இல்லை. அவளைத் தூக்கி வளர்த்த செவிலித்தாய். எதிரே வருகிறவர்களிடமெல்லாம் "இப்படி ஒரு பெண்ணையும் பையனையும் பார்த்தீர்களா?" என்று கேட்டுக்கொண்டே நடக்கிறாள். கோபத்தோடு போகிறாளா, பாசத்தோடு போகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் படத்தில் துரத்துகிறவர் இப்படி ஒருவராக இருக்க வேண்டும். பெண்ணின் தாய்மாமனை வையுங்கள். காது குத்தும்போது அவர் மடியில்தான் அவள் உட்கார்ந்திருப்பாள். எந்தச் சத்தத்துக்கு அவள் பயப்படுவாள், எந்த ஊரில் அவள் தோழி இருக்கிறாள், பசித்தால் எந்தக் கடையில் நிற்பாள் என்பதெல்லாம் போலீஸுக்குத் தெரியாது, மாமனுக்குத் தெரியும். அவர் கையில் அரிவாள் இருக்கிறதா, அவளுக்குப் பிடித்த தின்பண்டம் இருக்கிறதா என்று கடைசி வரை நமக்கும் தெரியக் கூடாது.

குறுந்தொகையின் ஏழாவது பாட்டையும் ஒரு முறை படியுங்கள். பெரும்பதுமனார் பாடியது. வழியில் கண்டவர்கள் பேசுவதாக வரும். அவன் காலில் வீரக்கழல், அவள் மெல்லடியில் சிலம்பு. கல்யாணத்துக்கு முன் சிலம்பு கழற்றும் சடங்கு அன்றைக்கு உண்டு. அது இன்னும் காலில் கிடப்பதைப் பார்த்தே, இவர்கள் வீட்டை மீறி வந்தவர்கள் என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடுகிறது. மூங்கில் காட்டில் வாகை நெற்றுக்கள் காற்றில் அடித்து, கயிற்றில் ஆடுகிறவர்களின் பறை போல ஒலிக்கின்றன. பார்க்கிறவர்கள் திட்டவில்லை, ஐயோ பாவம், யாரோ என்கிறார்கள். ஒரு நகை, ஒரு சத்தம், வழிப்போக்கரின் ஒரு பார்வை. இதைவிடச் சுருக்கமாக எந்தத் திரைக்கதையிலும் நான் பார்த்ததில்லை. அன்றைக்கு என் ஆபீஸில் அந்தப் பெண் கொலுசைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு இந்தப் பாட்டுத்தான் நினைவுக்கு வந்தது.

ஊரைப் பற்றிச் சில விஷயங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகர். அங்கே ரயில் நிலையம் கிடையாது. தர்மபுரியில் உண்டு, ஓசூரில் உண்டு, மொரப்பூரில் உண்டு. கிருஷ்ணகிரிப் பெண் ஓட வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்க வேண்டும். அங்கே நின்றால் பத்து நிமிடத்தில் சொந்தக்காரர் ஒருவராவது கண்ணில் படுவார். சொந்தக் காரில் போனால் பாளையம், கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிகளில் பாஸ்டேக் நேரத்தோடு சொல்லிவிடும். 2021 பிப்ரவரியிலிருந்து அது கட்டாயம். போனை அணைத்தாலும் அணைத்த இடம் டவரில் நிற்கும். டி.என். 29 நம்பர் பலகை தர்மபுரி என்று சின்னப் பையனுக்கும் தெரியும். பெங்களூருப் பக்கம் போனால் அதுவே காட்டிக்கொடுக்கும்.

எப்படித்தான் போவது? ஓசூர்ப் பக்கம் ரோஜா விளைகிறது. பிப்ரவரி 14-க்காக வெளிநாட்டுக்குப் போகிற பூ அது. ஜனவரிக் கடைசியிலிருந்து ராத்திரி பகலாக அறுத்து, கட்டி, குளிர்சாதன வண்டிகளில் ஏற்றுவார்கள். உலகத்துக் காதலர்களுக்காகப் பூ ஏற்றிப் போகிற வண்டியில் கட்டுகளுக்கு நடுவே குளிரில் நடுங்கிக்கொண்டு நம் ஊர்க் காதலர்கள் ஒளிந்து போவதை நினைத்துப் பாருங்கள். வசனமே வேண்டாம். இல்லையென்றால் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டுப் பக்கம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கும் பூமி. எந்த மொழியில் டீ கேட்கிறாள் என்பதில் அவள் பிழைப்பு இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் ஒகேனக்கல். அக்கரை கர்நாடகம். பரிசலில் கடந்துவிடலாம் என்று வருகிறார்கள். காவிரியில் நீர்வரத்து கூடி மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத் தடை போட்டிருக்கிறது. ஆடி மாதம் பேப்பரைப் புரட்டினால் அடிக்கடி பார்க்கிற செய்திதான் இது. எதிர்க்கரை கண்ணுக்கு முன்னால் இருக்க, பரிசல்கள் கவிழ்த்துப் போடப்பட்டிருக்கும்.

மாட்டிக்கொள்வது எப்படி என்பதற்கு அமெரிக்காவில் ஒன்று, நம் மண்ணில் ஒன்று என்று இரண்டு நிஜங்கள் இருக்கின்றன. 1934 மே 23 காலையில் லூசியானாவில் பானியும் க்ளைட்டும் செத்தது, கூட்டாளியின் அப்பாவுடைய லாரி ரோட்டோரம் சக்கரம் கழன்று நின்றதைப் பார்த்து வண்டியின் வேகத்தைக் குறைத்ததால். புதரில் ஆறு பேர் காத்திருந்தார்கள். 2004 அக்டோபர் 18 ராத்திரி பாப்பாரப்பட்டி பக்கம் வீரப்பனும் கூட்டாளிகள் மூன்று பேரும் வந்தது, தங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் என்று நம்பி ஏறிய ஆம்புலன்ஸில். அந்த நடவடிக்கைக்கு அதிரடிப்படை வைத்த பேர் 'கக்கூன்', அதாவது பட்டுக்கூடு. தர்மபுரி பட்டுக்கூட்டு மார்க்கெட் இருக்கிற ஊர் என்பதால் எனக்கு அந்தப் பேர் மறப்பதில்லை. இரண்டு இடத்திலும் துரத்திப் பிடிக்கவில்லை; நம்பின வண்டிதான் பிடித்துக் கொடுத்தது. உங்கள் கடைசி அரை மணியில் வேகத்தைக் கூட்டாதீர்கள், யாரை நம்புவது என்ற கேள்வியை இறுக்குங்கள்.

முடிவைப் பற்றி. இதை எழுதும்போது எனக்குக் கை கனக்கிறது. 2012 நவம்பர் 7-ஆம் தேதி, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து, தர்மபுரி அருகே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று பட்டியலின மக்கள் வாழ்ந்த மூன்று இடங்களில் 200-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். அடுத்த வருடம் ஜூலை 4 அன்று அந்தத் திருமணம் செய்த இளைஞரின் உடல் தர்மபுரி ரயில் தண்டவாளத்தின் ஓரம் கிடந்தது. 2018 நவம்பரில் ஓசூர்ப் பக்கத்து இளம் தம்பதியின் உடல்கள் கர்நாடகத்தில் காவிரியிலிருந்து எடுக்கப்பட்டன. எல்லை அவர்களைக் காப்பாற்றவில்லை. அதே 2018 மார்ச் 27 அன்றுதான் உச்ச நீதிமன்றம் வயது வந்த இருவர் கல்யாணம் செய்ய குடும்பத்தின் சம்மதமோ ஊரின் சம்மதமோ தேவையில்லை என்றும், ஜோடிகளுக்கு மாவட்டந்தோறும் பாதுகாப்புப் பிரிவு, தங்குமிடம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருந்தது.

அதனால் உங்கள் ஜோடியை ஸ்லோ மோஷனில் அழகாகச் சாகடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பானியும் க்ளைட்டும் செத்த அழகை அமெரிக்கா தள்ளி நின்று ரசிக்கலாம். நம் தியேட்டரில் நாலாவது வரிசையில் ஒரு பெண்ணின் அண்ணன் உட்கார்ந்திருப்பான், ஏழாவது வரிசையில் ஒரு அம்மா இருப்பார். அந்தச் சாவு அவர்களுக்கு என்ன யோசனையைக் கொடுக்கும் என்று நீங்கள் யோசித்தாக வேண்டும். குற்றத்துக்குத் தண்டனை வேண்டும் என்றால் கொடுங்கள். அடகுக் கடைக்காரருக்கு அடிபட்டதற்கு அவன் ஜெயிலுக்குப் போகட்டும். அவள் சேலம் மத்தியச் சிறைக்கு மனுப் போட்டு அவனைப் பார்க்கப் போகட்டும். அந்த ஜெயில் வாசல் வரிசையில் மாமன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றால், அது வசனம் இல்லாத பெரிய காட்சி.

இன்னொரு உதவி செய்ய முடியும். புகார், எப்.ஐ.ஆர்., நகைப் பட்டியல், ஆட்கொணர்வு மனு இவையெல்லாம் தாளில் எப்படி இருக்கும் என்று பேர்களை மறைத்துக் காட்டுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் பென்னாகரத்திலிருந்து தர்மபுரி வந்து பஸ் மாறினால் இருட்டுவதற்குள் கிருஷ்ணகிரி வந்துவிடலாம். எழுதினவரைக்கும் எடுத்து வாருங்கள். 'கன் கிரேஸி'யின் அந்த ஒரு ஷாட்டை மாடியில் போட்டுப் பார்த்துவிட்டு உங்கள் அடகுக் கடைக் காட்சியைத் திரும்ப எழுதலாம்.